கூடி ஸ்டீரியோ மாட்டும் நாள்: முதல்முறை நடத்துபவர்களுக்கு

அவரவர் காரில் புது ஸ்டீரியோ மாட்ட நாங்கள் முதல்முறை கூடியபோது ஒன்பது கார்கள் வந்தன. இருட்டும் நேரத்தில் நான்கு கார்களில் மட்டும்தான் பாட்டுக் கேட்டது. மூன்றில் பழைய ஸ்டீரியோவையே திரும்ப மாட்டிக் கொடுத்தோம். மீதி இரண்டும் டேஷ்போர்டில் ஓட்டையோடும் வெளியே தொங்கும் வயரோடும் வீட்டுக்குப் போயின. அந்த இரண்டு பேரின் முகம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. வேலை தெரியாமல் அப்படி ஆகவில்லை, மூன்று பேருக்கு நன்றாகவே கை பழகியிருந்தது. ஒரு காருக்குக் கப்ளர் (ஸ்டீரியோ வயரையும் கார் வயரையும் இணைக்கும் செருகி) பொருந்தவில்லை, இன்னொன்றுக்கு ஆன்டெனா பின் வேறு மாதிரி இருந்தது, ஒன்றுக்கு ஸ்டீரியோவைச் சுற்றி வரும் ஃப்ரேமே வாங்கவில்லை. எல்லாமே முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவை.

அதற்கப்புறம் நான்கு முறை நடத்திவிட்டோம். கடைசி முறை வந்த ஆறு கார்களும் வெளிச்சம் இருக்கும்போதே வேலை முடிந்து கிளம்பின. இப்படி ஒரு நாளை நடத்த நினைக்கிறீர்கள் என்றால், நாங்கள் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம். ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள்.

1. எத்தனை கார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ஆர்வம் உள்ள எல்லோரையும் வரச் சொல்லாதீர்கள். கை பழகியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு கார்களைத்தான் கவனிக்க முடியும். மூன்று பேர் இருந்தால் ஆறு கார். ஏழாவது ஆள் எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும் அடுத்த முறைக்கு எழுதி வையுங்கள்.

நேரக் கணக்கு தோராயமாக இப்படி வரும். கப்ளர் தயாராக இருந்தால் ஹெட் யூனிட், அதாவது டேஷ்போர்டில் உட்காரும் ஸ்டீரியோவை மாற்றப் பழகியவருக்கு ஒரு மணி நேரம், புதியவருக்கு இரண்டு முதல் மூன்று. முன் கதவு ஸ்பீக்கர் ஒரு ஜோடிக்கு ஒன்று முதல் ஒன்றரை மணி. ரிவர்ஸ் கேமரா என்றால் பின்பக்கம் வரை வயர் இழுக்க வேண்டும், அதற்கு இரண்டு மணி நேரம் தனியாக. ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரும் (ஆம்ப்) அடித்தொனிக்கான சப்வூஃபரும் சேர்ந்தால் ஒரு காரே முழு நாளையும் எடுத்துக்கொள்ளும். அதனால் முதல்முறை ஹெட் யூனிட், முன் ஸ்பீக்கர் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆம்ப் மாட்டும் ஆசையோடு வருபவரிடம் இதை அன்று காலை சொல்லக் கூடாது, பெயர் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

தன் காரைக் கொண்டுவராத ஒருவர் அவசியம் வேண்டும். எல்லோரும் குனிந்து வயருக்குள் தலை விட்டிருக்கும்போது நேரம் பார்ப்பது, விடுபட்ட ஸ்க்ரூவைத் தேடுவது, கடைக்கு ஓடுவது எல்லாம் அவர் வேலை. இந்த ஒரு ஆள் இல்லாமல் நடத்திய முறைதான் எங்களுக்கு மிகவும் சிரமமாக இருந்தது.

2. ஒரு காருக்கு ஒரு தாள்

ஆறு வாரம் முன்பு ஒவ்வொரு உரிமையாளரிடமிருந்தும் ஒரு தாள் வாங்குங்கள். கார் மாடல், ஆண்டு, எந்த ரகம் என்பதை வாகனப் பதிவுச் சான்றைப் பார்த்தே எழுதச் சொல்லுங்கள். ஒரே மாடலிலேயே ஆண்டு மாறினால் கப்ளர் மாறிவிடும், ஞாபகத்திலிருந்து எழுதினால் தப்பு வரும்.

அந்தத் தாளில் இருக்க வேண்டியவை:

- ஸ்டீரியோ உட்காரும் இடத்தின் அளவு. சிங்கிள் டின் என்றால் அகலம் 180 மி.மீ., உயரம் 50 மி.மீ. டபுள் டின் என்றால் உயரம் 100 மி.மீ. இரண்டிலும் சேராத வடிவம் என்றால் அந்தக் காருக்கென்றே செய்த ஃப்ரேம் வேண்டும்.
- ஸ்டீயரிங்கில் ஒலி கூட்டும் பட்டன் உண்டா? உண்டென்றால் அதற்குத் தனி அடாப்டர்.
- கார் கம்பெனி போட்ட ஆம்ப்ளிஃபயர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறதா?
- சாவியைத் திருப்பினால் ஸ்டீரியோ உயிர் பெறுவது தனி வயரிலா, கேன் பஸ் (காரின் பாகங்கள் தங்களுக்குள் தகவல் அனுப்பும் வயர்) தகவலிலா? புதிய கார்கள் பலவற்றில் அந்தத் தனி வயரே கிடையாது. சாதாரணக் கப்ளர் வாங்கி வந்தால் ஸ்டீரியோவின் சிவப்பு வயரை இணைக்க இடமே இருக்காது.
- ஆன்டெனா முனை உருண்டைப் பின்னா, ஃபக்ரா எனப்படும் பிளாஸ்டிக் உறை போட்டதா?
- ரேடியோவுக்குப் பாதுகாப்பு எண் உண்டா?

கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சில கார்களில் பேட்டரியைக் கழற்றி மாட்டியதும் பழைய ரேடியோ அந்த எண்ணைக் கேட்கும். எண் இல்லாவிட்டால் அது திறக்காது. எங்களிடம் வந்த ஒரு காரில் புதிய ஸ்டீரியோ பொருந்தாமல் பழையதையே மாட்ட வேண்டி வந்தது. திரையில் நான்கு கோடுகள் மின்னின. எண் எழுதிய அட்டை எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு வாரம் அவர் பாட்டில்லாமல் ஓட்டினார். கார் கையேட்டோடு வந்த உறையில் அந்த அட்டை பெரும்பாலும் இருக்கும். படம் எடுத்து உங்களுக்கு அனுப்பிய பிறகுதான் அவர் பெயரைப் பட்டியலில் சேருங்கள்.

3. காகித வேலை

யாருக்கும் பிடிக்காத பகுதி. ஆனாலும் செய்துவிடுங்கள்.

வாரண்டி முடியாத கார் என்றால், வயரை வெட்டி இணைத்தால் மின்சாரப் பகுதிகளுக்கான வாரண்டி சிக்கலாகலாம். உரிமையாளர் தன் வாரண்டித் தாளைப் படித்துவிட்டு, தேவையானால் சர்வீஸ் மையத்தில் கேட்டு, தானே முடிவு செய்ய வேண்டும். நீங்கள் வாக்குக் கொடுக்காதீர்கள். காப்பீட்டுக்கும் இதே கதைதான். விலை உயர்ந்த ஸ்டீரியோ மாட்டினால் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டுமா என்பது பாலிசியில் இருக்கும். தெரிவிக்காமல் விட்டு, பின்னால் திருட்டுப் போனால் புதிய ஸ்டீரியோவுக்குப் பணம் வராமல் போகலாம். வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

ஒரு பக்க ஒப்புதல் தாளும் தேவை. "என் காரில் வேலை நடப்பது என் சம்மதத்தோடு, நானும் கூடவே இருப்பேன், உதவுபவர்கள் கூலி வாங்கவில்லை" என்ற அளவில் இருந்தால் போதும். சட்டப்படி இது எவ்வளவு தாங்கும் என்பது ஊருக்கு ஊர் மாறும். எனக்கு அதன் பயன் வேறு இடத்தில் தெரிந்தது. கையெழுத்துப் போட்டவர் காரை விட்டுவிட்டு வெளியே போக மாட்டார்.

4. இடம்

நிழல், சமமான தரை, மின்சாரம், கழிப்பறை. இந்த நான்கும் இல்லாத இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். இரண்டு கார்களுக்கு நடுவே எதிரெதிர்க் கதவுகள் முழுதாகத் திறக்க இடைவெளி வேண்டும். நிறுத்தும் இடத்துக்கான சாதாரணக் கோட்டுக்குள் இது வராது, அதனால் ஒரு காருக்கு இரண்டு இடம் என்று கணக்குப் போடுங்கள்.

அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். தேதி, தொடங்கும் முடியும் நேரம், எத்தனை கார், மின்சாரம் பயன்படுத்தலாமா, எவ்வளவு சத்தம் வரலாம் என்று எல்லாம் அதில் இருக்கட்டும். எங்களுக்கு ஒரு முறை வாய்வார்த்தையில் "தாராளமா வாங்க" என்று சொன்னவர் அன்று ஊரில் இல்லை. காவலில் இருந்தவர் வாயிலைத் திறக்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

மூடிய கொட்டகை என்றால் உள்ளே யாரும் எஞ்சினை ஓட விடக் கூடாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாதது, ஆளைச் சாய்த்துவிடும். சோதனைக்கு எஞ்சின் வேண்டுமென்றால் காரை வெளியே தள்ளிக் கொண்டுபோங்கள். ஒரு பவுடர் தீயணைப்பானை எல்லோருக்கும் தெரியும் இடத்தில் வையுங்கள்.

5. பணம்

மூன்றாகப் பிரியுங்கள். ஒருவர் காருக்கு மட்டும் வேண்டியது, அதாவது ஸ்டீரியோ, ஃப்ரேம், கப்ளர், அடாப்டர் எல்லாம் அவரவர் செலவு. இட வாடகையும் பொதுப் பொருள்களும் கார் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்வது. மூன்றாவது, எதிர்பாராத செலவு. உடையும் கிளிப், எரியும் ஃபியூஸ், அவசரத்துக்கு வாங்கும் வயர் இவற்றுக்காகப் பொதுச் செலவில் ஐந்தில் ஒரு பங்கைக் கூடுதலாக வாங்கி, மிச்சத்தை அன்று மாலையே திருப்பிக் கொடுங்கள்.

ஸ்டீரியோ வாங்கும்போது பெரும்பாலோர் அதன் விலையை மட்டும் பார்க்கிறார்கள். ஃப்ரேம், கப்ளர், ஸ்டீயரிங் அடாப்டர், ஆன்டெனா அடாப்டர் நான்கும் சேர்ந்தால் மலிவான ஸ்டீரியோவின் விலையையே தொட்டுவிடும். இதை முதல் வாரமே சொல்லிவிடுங்கள், பாதிப் பேர் வேறு ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுப்பார்கள்.

பொதுப் பணத்தை மூன்று வாரம் முன்பே வாங்கிவிடுங்கள். பணம் கொடுத்தவர் வருவார். கடைசி வாரம் விலகினால் பொதுப்பங்கு திரும்பாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள், பிறகு சொன்னால் மனக்கசப்புதான் மிஞ்சும். கூலி மட்டும் யாரிடமும் வாங்காதீர்கள். வாங்கினால் அது தொழில், அதற்குரிய பொறுப்பும் உங்கள் தலையில் ஏறும்.

6. கப்ளர் மாலை

இந்த நாளைக் காப்பாற்றுவது இதுதான். கூடும் நாளுக்கு ஒரு வாரம் முன்பு ஒரு மாலை எல்லோரும் தங்கள் ஸ்டீரியோ, கப்ளர், ஃப்ரேமோடு ஒரு மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். கார்களுக்கு அங்கே வேலையில்லை. ஸ்டீரியோவோடு வந்த வயர்க் கட்டையும் காருக்கான கப்ளரையும் நிறம் பார்த்து அங்கேயே இணைத்துவிடுகிறோம். இருக்கைக்குள் உடம்பை மடக்கிக்கொண்டு செய்தால் ஒரு மணி நேரம் ஆகும் வேலை, மேசையில் இருபது நிமிடத்தில் முடியும்.

தனியாக விற்கும் ஸ்டீரியோக்களில் பெரும்பாலானவை ஒரே நிற வழக்கத்தைப் பின்பற்றுகின்றன. மஞ்சள் எப்போதும் வரும் 12 வோல்ட், ஸ்டீரியோவின் நினைவுக்கு. சிவப்பு சாவியைத் திருப்பினால் வரும் 12 வோல்ட். கறுப்பு எர்த், அதாவது காரின் இரும்பு உடம்போடு சேர்வது. நீலம் ஆன்டெனாவுக்கு. நீலத்தில் வெள்ளைக் கோடு ஆம்ப்ளிஃபயரை எழுப்ப. ஆரஞ்சு, இரவில் திரை மங்க. ஸ்பீக்கருக்கு வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. அதே நிறத்தில் கறுப்புக் கோடு போட்டது மைனஸ். கார் பக்கத்து வயர்களுக்கு இந்த வழக்கம் பொருந்தாது. அங்கே நிறத்தை நம்பாதீர்கள், வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை நம்புங்கள்.

இங்கே அடிக்கடி விழும் குழிகள் நான்கு. முதலாவது, மஞ்சளும் சிவப்பும் மாறிப்போவது. ஐஎஸ்ஓ எனும் பொது வடிவக் கப்ளரில் ஏ4 என்ற முனை எப்போதும் வரும் மின்சாரம், ஏ7 சாவி வழி வருவது. சில வோக்ஸ்வாகன், ஆடி கார்களில் இரண்டும் இடம் மாறியிருக்கும். சாவியை எடுத்ததும் ஸ்டீரியோ எல்லா ஸ்டேஷனையும் மறந்துவிட்டால் இதுதான் காரணம். பல கப்ளர்களில் இந்த இரண்டு வயரிலும் நடுவே பிரித்து மாற்றி மாட்டும் முனை கொடுத்திருப்பார்கள். இரண்டாவது, சிவப்பையும் மஞ்சளோடு சேர்த்து முடிப்பது. பாட்டுக் கேட்கும், எல்லாம் சரி போலத் தெரியும். இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் கார் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். மூன்றாவது, ஸ்பீக்கர் மைனஸைக் காரின் பாடி எர்த்தில் கொடுப்பது. இன்றைய ஸ்டீரியோக்களில் அது உள்ளே இருக்கும் ஆம்பையே பலி வாங்கும். நான்காவது, நீல வயரை வெட்டி விட்டுவிடுவது. கூரை மேல் அல்லது கண்ணாடிக்குள் இருக்கும் ஆன்டெனாக்கள் பலவற்றுக்கு அந்த 12 வோல்ட் வேண்டும், இல்லையென்றால் எஃப்எம் இரைச்சலாக வரும்.

இணைப்பைச் சரியான அளவுக் கிரிம்ப்பில் (வயர் முனைகளைப் பிடிக்கும் சிறு உலோகக் குழாய்) நசுக்குங்கள், அல்லது சோல்டர் செய்து வெப்பத்தில் சுருங்கும் குழாயைப் போடுங்கள். வெறுமனே முறுக்கி டேப் சுற்றுவது வேண்டாம். டேஷ்போர்டின் சூட்டில் பசை இளகி, ஆறு மாதத்தில் டேப் நழுவி, செம்பு வெளியே தெரியும். நான் கழற்றிய ஒரு காரில் மஞ்சள் வயரின் முனை இரும்புத் தகட்டிலிருந்து ஒரு நகக்கண் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

முடித்ததும் ஒரு 12 வோல்ட் பேட்டரியில் ஃபியூஸ் வைத்து, மஞ்சளும் சிவப்பும் பிளஸில், கறுப்பு மைனஸில் கொடுத்து ஸ்டீரியோவை எழுப்பிப் பாருங்கள். பழுதான பெட்டி இங்கேயே தெரிந்துவிடும், மாற்றி வாங்க ஒரு வாரமும் இருக்கும். மேசையில் பேசாத ஸ்டீரியோவின் கார் அந்த நாளுக்கு வரக் கூடாது. இந்த விதியை நான் தளர்த்துவதே இல்லை.

7. அன்றைய நேரம்

எட்டு மணிக்கு எல்லோரும் வந்தால் எட்டரைக்குப் பாதிக் கார்களைத் திறங்கள். மீதிப் பாதி பத்தரைக்கு. எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்தால் பழகியவரை ஆறு பக்கமும் கூப்பிடுவார்கள், எதுவும் நகராது. மதியம் இரண்டு மணிக்கு மேல் எந்தப் புது டேஷ்போர்டையும் திறக்கக் கூடாது. நான்கு மணிக்கு முடியாத கார்களில் வேலையை நிறுத்தி, ஓட்டும் நிலைக்குக் கொண்டுவரத் தொடங்குங்கள். "இன்னும் பத்தே நிமிஷம்" என்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

8. காரில் கை வைக்கும் வரிசை

சாவியைப் போட்டு எச்சரிக்கை விளக்குகள் எவை எரிகின்றன என்று முதலில் படம் எடுங்கள். ஏற்கெனவே எரிந்த ஏர்பேக் விளக்குக்கு மாலையில் யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்காது. அப்புறம் டேஷ்போர்டு, கதவு, இருக்கை எல்லாவற்றையும் ஒவ்வொரு படம்.

சாவியை எடுத்து, பேட்டரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றுங்கள். திரும்ப மாட்டும்போது அது கடைசி. ஏர்பேக் இருக்கும் காரில் கையேடு சொல்லும் நிமிடங்கள் வரை காத்திருங்கள். மஞ்சள் நிறக் கப்ளரோ மஞ்சள் உறை போட்ட வயரோ கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் ஏர்பேக்குடையது. அதில் மீட்டர் முனையைக்கூட வைக்காதீர்கள்.

பேனலைக் கழற்ற பிளாஸ்டிக் நெம்பியைப் பயன்படுத்துங்கள். ஸ்க்ரூ டிரைவர் விளிம்பைக் கடித்துவிடும். இழுத்து வரவில்லை என்றால் எங்கோ ஒரு ஸ்க்ரூ மறைந்திருக்கிறது, பலத்தைக் கூட்டாமல் அதைத் தேடுங்கள். குளிர்ந்த காலையில் கிளிப்புகள் சட்டென உடையும், சற்று நேரம் வெயிலில் நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். கழற்றிய ஸ்க்ரூக்களை முட்டைத் தட்டில் குழிக்கு ஒரு படியாக வரிசையில் போட்டால், திரும்ப மாட்டும்போது பின்னாலிருந்து வந்தால் போதும்.

ஸ்டீரியோவை இரும்புத் தாங்கியில் பூட்ட, அதோடு வந்த குட்டை ஸ்க்ரூக்கள் மட்டுமே. நீளமானது உள்ளே போய் மின்சுற்றுப் பலகையைக் குத்தும்.

அப்புறம் எல்லோருக்கும் வரும் ஒரு சிக்கல்: ஸ்டீரியோ கடைசி அரை அங்குலம் உள்ளே போகாது. அழுத்தாதீர்கள். பின்னால் வயர்க் கட்டு மடிந்து உட்கார்ந்திருக்கும். பெட்டியை வெளியே எடுத்து, கையை உள்ளே விட்டு, அந்த வயர்க் கட்டைத் துணி டேப்பில் சுற்றிக் கீழே கையுறைப் பெட்டிப் பக்கம் ஒதுக்கிவிட்டு மறுபடி தள்ளுங்கள். வெண்ணெயில் கத்தி போல இறங்கும். துணி டேப் சுற்றியதால் பள்ளத்தில் இறங்கும்போது கடகட சத்தமும் வராது.

9. மூடும் முன்

பேனலைப் பூட்டுவதற்கு முன் சோதியுங்கள். ஆனால் சாவியைத் திருப்பும் முன் ஒன்று: கழற்றிய எல்லாக் கப்ளர்களையும், அபாய விளக்குப் பட்டன், பயணி ஏர்பேக் காட்டி உட்பட, திரும்பச் செருகியிருக்க வேண்டும். செருகாமல் திருப்பினால் சில கார்கள் அதைப் பழுதாகப் பதிவு செய்துகொள்ளும், அப்போது எரியும் எச்சரிக்கை விளக்கை அணைக்க, பழுதுப் பதிவை அழிக்கும் ஸ்கேனர் தேவைப்படும்.

ஒலியை இடம், வலம், முன், பின் என்று நகர்த்தி நான்கு ஸ்பீக்கரும் தனித்தனியே பேசுகின்றனவா பாருங்கள். கதவு ஸ்பீக்கர் மாற்றியிருந்தால், ஸ்டீரியோவிலிருந்து கழற்றிய வயரில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். பிளஸ் பிளஸோடு சேர்ந்தால் கூம்பு வெளிப்பக்கம் வரும். ஒன்று உள்ளேயும் ஒன்று வெளியேயும் போனால் அடித்தொனியே மெலிந்துவிடும், என்ன ஸ்பீக்கர் வாங்கியும் பயனில்லை. பிறகு ஹெட்லைட் போட்டால் திரை மங்குகிறதா, சாவியை எடுத்தால் அணைகிறதா, மறுபடி போட்டால் ஸ்டேஷன் நினைவிருக்கிறதா, ஸ்டீயரிங் பட்டன், குளிர்சாதன விசை, சிகரெட் லைட்டர் எல்லாம் வேலை செய்கின்றனவா. உரிமையாளரே தன் கையால் பார்க்கட்டும்.

நாள் முழுக்கக் கதவு திறந்து சோதனை செய்த கார்களில் பேட்டரி இறங்கியிருக்கும். ஜம்பர் கேபிளை நடத்துபவரே கொண்டுவருவது நல்லது. முழுதாக இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.4 வரை. 12க்குக் கீழே இருக்கும் கார் எதுவும் முதலில் கிளம்பக் கூடாது.

10. அடுத்த வாரம்

மூன்றாம் நாள் எல்லோரையும் கூப்பிட்டு இரண்டே கேள்வி கேளுங்கள்: காலையில் ஸ்டார்ட் ஆகிறதா, எங்கேயாவது சத்தம் வருகிறதா? ஸ்டார்ட் ஆகத் திணறினால், காரைப் பூட்டிவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பேட்டரி மைனஸில் மல்டிமீட்டரைத் தொடராக வைத்து ஒழுகும் மின்சாரத்தை அளக்க வேண்டும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. அதைத் தாண்டினால் ஸ்டீரியோவின் ஃபியூஸை எடுத்துப் பாருங்கள். எண் சட்டென இறங்கினால் பெரும்பாலும் சிவப்பு வயரில்தான் தவறு. பேனலை மறுபடி திறக்க வேண்டியிருக்கும், முட்டைத் தட்டை அதுவரை தூக்கிப் போடாதீர்கள்.